ஹாலே நகரின் ஃபிராங்கே: இறையியலாளரா, நிறுவனம் கட்டியவரா?

தரங்கம்பாடி மிஷனின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு 'ஹாலே' என்ற ஜெர்மன் ஊரும் 'பேராசிரியர் ஃபிராங்கே' என்ற பெயரும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. அம்மிஷனின் முதல் மிஷனரிகளுள் ஒருவரான சீகன்பால்கை இந்தியாவுக்கு அனுப்பியவர் இவர்தானா, இவர் இறையியலாளரா அல்லது அநாதை விடுதி நடத்திய கொடையாளரா என்று கேட்கப்பட்டிருக்கிறது. முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. அனுப்பியவர், அப்போது தரங்கம்பாடியைத் தம் வசம் வைத்திருந்த டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக். ஆட்களைத் தேடும் பொறுப்பை அவருடைய அரசவைப் போதகர் லூட்கென்ஸ் ஏற்றார். பெர்லினில் இருந்த நண்பர்கள் வழியாகச் சீகன்பால்கும் அவருடைய தோழர் புளுட்சோவும் லூட்கென்ஸுக்குக் கிடைத்தார்கள். ஃபிராங்கே உள்ளே வந்தது அதற்குப் பின்னர்தான். இரண்டாம் கேள்விக்கு அவ்வாறு ஒரு வரியில் விடை கூற இயலாது. அவருடைய இறையியலை அறியாமல் விடுதியையும், விடுதியை அறியாமல் இறையியலையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் கருத்து. ஆகவே வாழ்க்கையின் தொடக்கத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1663ஆம் ஆண்டு மார்ச் மாதம் வட ஜெர்மனியின் லூபெக் நகரில் சட்ட அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் அந்நகரின் மேயராக இருந்தவர். பிள்ளைக்கு மூன்று வயதானபோது தந்தைக்குக் கோத்தா சிற்றரசில் பணி கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. அந்நாட்டை ஆண்ட எர்ன்ஸ்ட் கோமகனை 'பக்திமான்' என்ற அடைமொழியோடு அழைப்பார்கள். முப்பதாண்டுப் போரில் சிதைந்துபோன தம் சிறு நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வர வேண்டும் என்று ஆணையிட்டு, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பதை எழுத்து வடிவில் வகுத்து வைத்தவர் அவர். பிற்காலத்தில் ஹாலேயில் ஃபிராங்கே செய்தவற்றின் வித்து இந்தக் கோத்தாவில் இருக்கிறது. தந்தை 1670இல் இறந்துவிட்டார். ஆனாலும் தாய்வழி உறவினரின் ஆதரவும் குடும்ப அறக்கட்டளையின் உதவித்தொகையும் இருந்தமையால் படிப்பு தடைப்படவில்லை.

எர்ஃபுர்ட்டிலும் கீல் நகரிலும் பயின்றார். ஹாம்பர்க்கில் எஸ்ட்ராஸ் எட்சார்டி என்ற புகழ்பெற்ற எபிரேய அறிஞரிடம் மொழி கற்றார். 1684இல் லைப்சிக் வந்து அடுத்த ஆண்டே முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலத்து லூத்தரன் பல்கலைக்கழகங்களில் இறையியல் என்றால் பெரும்பாலும் கோட்பாட்டு விவாதமாகவே இருந்தது. கத்தோலிக்கர்களையும் கால்வினியர்களையும் எதிர்த்து வாதாடத் தெரிந்தவனுக்கு இருந்த மதிப்பு, வேதாகமத்தை மூலமொழியில் ஊன்றிப் படித்தவனுக்கு இருக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க ஃபிராங்கேயும் பவுல் அன்டோன் என்ற நண்பரும் 1686இல் ஒரு படிப்பு வட்டம் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் ஒவ்வொரு பகுதியை எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் படித்து விளக்குவது வழக்கம். தொடக்கத்தில் அது மொழிப்பயிற்சியாகவே நடந்தது. லூத்தரன் திருச்சபைக்குள் உள்ளார்ந்த பக்தியை வலியுறுத்திய பக்திநெறி இயக்கத்தின் தந்தை எனப்படும் ஃபிலிப் யாக்கோப் ஸ்பேனர் அவ்வாண்டில்தான் டிரெஸ்டன் அரசவைப் போதகராக வந்திருந்தார். படிக்கும் பகுதி படிப்பவரின் வாழ்வைத் தொட வேண்டும் என்று அவர் கூறிய ஆலோசனையால் வட்டத்தின் போக்கு மாறியது.

அவருடைய வாழ்வின் திருப்பம் நிகழ்ந்தது 1687இல், லூனபர்க் என்ற ஊரில். வேத விளக்கம் பயிலுவதற்காக அங்கே சென்றிருந்த இளைஞரை ஒரு பிரசங்கம் செய்யும்படி கேட்டார்கள். யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரம் 31ஆம் வசனத்தை அவர் தேர்ந்துகொண்டார். இயேசுவே கிறிஸ்து என்று நீங்கள் விசுவாசிக்கும்படி இவை எழுதப்பட்டன என்பது அவ்வசனத்தின் சாரம். கற்பனையான விசுவாசத்துக்கும் உயிருள்ள விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க எண்ணிக் குறிப்பெழுதத் தொடங்கியவர், தாம் விளக்கப்போகும் அந்த உயிருள்ள விசுவாசம் தம்மிடமே இல்லை என்று கண்டார். ஐயம் அத்துடன் நிற்கவில்லை. வேதாகமம் கடவுளின் வார்த்தை என்பதற்கு என்ன சான்று, துருக்கியர் தம் குர்ஆனைப் பற்றியும் யூதர் தம் தல்மூதைப் பற்றியும் அப்படித்தானே சொல்கிறார்கள், யார் சொல்வது சரி என்று அது வளர்ந்தது. இறுதியில் கடவுள் இருக்கிறாரா என்பதே தெரியாத நிலையில், இருப்பீரானால் என்னை மீட்டருளும் என்று முழங்காலிட்டு மன்றாடியதாகவும், ஒருவன் தன் கையைத் திருப்பும் நேரத்துக்குள் ஐயம் முழுவதும் அகன்றுவிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். சில நாள் கழித்துப் பிரசங்கத்தையும் செய்து முடித்தார்.

இந்நிகழ்ச்சியை வெறும் உருக்கமான சாட்சியாகப் படித்துவிட்டுக் கடந்து போவது தவறாகும். இதிலிருந்துதான் அவருடைய இறையியல் முழுவதும் கிளைத்தது. கிருபையால், விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்ற லூத்தரின் போதனையை ஃபிராங்கே ஒருபோதும் மறுக்கவில்லை. ஆனால் அந்த விசுவாசம் எப்படி வந்தது, எப்போது வந்தது, அதன் கனி எங்கே என்று கேட்கத் தொடங்கினார். பாவ உணர்வு, அதனால் வரும் அச்சம், தன்னோடு தானே நடத்தும் மனந்திரும்புதலின் போராட்டம், பின்பு கிருபையின் வெளிச்சம் என்ற வரிசை அவரைப் பின்பற்றியோரிடம் ஏறத்தாழ ஒரு விதியாகவே ஆகிவிட்டது. ஸ்பேனர் மனந்திரும்பிய நாளையும் நேரத்தையும் யாரிடமும் கேட்டதில்லை. ஹாலே மரபில் அந்தக் கேள்வி இயல்பாகிப்போனது. நானறிந்தவரை ஃபிராங்கேயின் பெருமையும் குறையும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஒரு மனிதன் அடியோடு மாற முடியும் என்று நம்பியவர், தெருவில் பிச்சையெடுக்கும் பிள்ளையும் மாறலாம் என்று நம்பினார். மாறாதவரிடம் அவருக்குப் பொறுமை குறைவாக இருந்தது.

வேத விளக்கத்தில் அவருடைய பங்கும் சிறியதன்று. 1693இல் இலத்தீனில் வெளியிட்ட வழிகாட்டி நூலில் வேதவாசிப்பைத் தோடு (மேலோடு) என்றும் பருப்பு என்றும் இரண்டாகப் பிரித்தார். இலக்கணமும் வரலாறும் வாக்கிய அமைப்பின் பகுப்பும் தோட்டைச் சேர்ந்தவை. பொருளும் போதனையும் வாழ்வில் அதைப் பொருத்திப் பார்ப்பதும் பருப்பைச் சேர்ந்தவை. தோட்டை உடைக்கத் தெரியாதவனுக்குப் பருப்பு கிடைக்காது என்பதால் மொழிப்பயிற்சியில் அவர் தளர்வு காட்டவே இல்லை. 1695இல் லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு மூலத்திலிருந்து விலகும் இடங்களைச் சுட்டிக்காட்டி ஒரு மாத இதழைத் தொடங்கியபோது, லூத்தரையே திருத்தத் துணிந்தவன் என்று பெரும் கூச்சல் எழுந்தது. இறையியலாளர் என்ற பெயருக்கு அவர் தகுதியானவரா என்ற ஐயத்துக்கு இதுவே போதிய விடை.

லூனபர்க்கிலிருந்து ஹாம்பர்க் சென்று சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, டிரெஸ்டனில் ஸ்பேனரோடு இரண்டு மாதம் தங்கி, 1689இல் லைப்சிக் திரும்பினார். அவருடைய விரிவுரைகளுக்கு மாணவர்கள் திரண்டார்கள், நகரத்தாரும் வந்தார்கள். தத்துவ நூல்களை விற்றுவிட்டு வேதாகமத்தைக் கையில் எடுத்தார்கள் மாணவர்கள் என்பது எதிர்த்தரப்பின் புகார். கார்ப்சோவ் என்ற செல்வாக்குள்ள பேராசிரியர் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். 'பியட்டிஸ்ட்' (பக்திநெறியாளர்) என்பது அப்போது ஏளனப் பெயர். கவிதைத் துறைப் பேராசிரியர் ஃபெல்லர், கடவுளின் வார்த்தையைப் படித்து அதன்படி தூய வாழ்வு வாழ்பவனே பியட்டிஸ்ட் என்று ஓர் இரங்கற்பாவில் எழுதி அப்பெயரை ஏற்றுக்கொண்டார். ஃபிராங்கே மீது நடந்த விசாரணையில் அவருக்காகச் சட்டக் கருத்துரை எழுதியவர் கிறிஸ்டியன் தொமாசியுஸ். பக்திநெறியாளர்களோடு பல வகையில் முரண்பட்ட அறிவொளிச் சட்ட அறிஞர் அவர். 1690இல் இத்தகைய தனிப்பட்ட பக்திக் கூட்டங்கள், லைப்சிக் அடங்கிய சாக்சனியில் தடைசெய்யப்பட்டன. ஃபிராங்கே எர்ஃபுர்ட் நகரின் அகஸ்டீனியத் திருச்சபைக்கு உதவிக்குருவாகச் சென்றார். அங்கும் பதினைந்து மாதமே இருக்க முடிந்தது. 1691 செப்டம்பரில், 48 மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை வந்தது. அந்த 48 மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னோர் இடத்தில் அது மீண்டும் வரும்.

ஸ்பேனரும் அதே ஆண்டில் டிரெஸ்டனை விட்டுப் பெர்லினுக்குச் சென்றிருந்தார். பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிராண்டன்பர்க்கின் தேர்வரசர் (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளர்) மூன்றாம் ஃபிரெடெரிக் கால்வினியர். குடிகளோ பெரும்பாலும் லூத்தரன். கோட்பாட்டுச் சண்டையை விரும்பாத, ஒழுக்கத்தை வலியுறுத்தும் குருமார் அவருக்குத் தேவைப்பட்டார்கள். அவருடைய ஆட்சிக்குட்பட்ட ஹாலேயில் புதிய பல்கலைக்கழகமும் உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்பேனரின் பரிந்துரையால் ஃபிராங்கே அங்கே கிரேக்கத்துக்கும் கீழைமொழிகளுக்கும் பேராசிரியரானார். 1698இல் இறையியல் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. ஆனால் தொடக்கத்தில் பேராசிரியர் பதவிக்குச் சம்பளம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு நகர மதிலுக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற புறநகரின் குரு பதவிதான் உதவியது.

1692 ஜனவரியில் அவர் கிளௌகாவுக்கு வந்தபோது அந்த ஊர் பத்தாண்டுக்கு முந்திய கொள்ளைநோயிலிருந்து இன்னும் மீளவில்லை. சுமார் 200 வீடுகளில் 37 மதுக்கடைகள் என்று கணக்குச் சொல்வார்கள். மனந்திரும்பியதற்கு அடையாளம் காட்டாதவர்களுக்குப் பாவ மன்னிப்பையும் திருவிருந்தையும் தர மறுத்ததால் புதிய குருவுக்கு ஊரிலும் பகை, ஹாலே நகரக் குருமாரிடமும் பகை. இந்தச் சண்டை நீண்டது. அதற்கிடையே அவர் வேறொரு வேலையைத் தொடங்கினார்.

வியாழக்கிழமைகளில் ஏழைகள் அப்பம் வாங்கக் குருமனை வாசலுக்கு வருவது வழக்கம். அவர்களை உள்ளே அழைத்து, பிள்ளைகளிடம் ஞானோபதேசக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். அறியாமையின் ஆழம் அவரைத் திடுக்கிட வைத்தது. பள்ளிக் கட்டணத்துக்கென்று காசு கொடுத்தார். காசை வாங்கிக்கொண்டார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. 1695 உயிர்த்தெழுதல் திருநாளையொட்டி, அவர் வீட்டில் வைத்திருந்த தருமப் பெட்டியில் யாரோ ஒருவர் அக்கால ஜெர்மன் நாணயத்தில் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார். இது நல்லதொரு முதல், இதைக்கொண்டு உருப்படியாக ஏதேனும் செய்ய வேண்டும், ஏழைகள் பள்ளி ஒன்று தொடங்குவேன் என்றார் ஃபிராங்கே. அன்றே புத்தகம் வாங்கி, ஓர் ஏழை மாணவரை ஆசிரியராக அமர்த்தி, தம் படிப்பறைக்கு முன்னால் இருந்த இடத்திலேயே வகுப்பை ஆரம்பித்தார். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய 27 புத்தகங்களில் திரும்பி வந்தவை நான்கு. மற்றவற்றை விற்றுவிட்டார்கள் அல்லது அவற்றோடு ஓடிவிட்டார்கள். அவர் மீண்டும் புத்தகம் வாங்கினார். இம்முறை அவற்றைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார். இந்தச் சிறு நிகழ்ச்சியில் முழு மனிதரும் தெரிகிறார் என்பேன்.

அதே ஆண்டில் ஒருவர் 500 தாலர் முதல் கொடுத்தார். அதன் வட்டியில் ஓர் அநாதைப் பிள்ளையை வளர்க்கலாம் என்று எண்ணித் தேடியபோது உடன்பிறந்த நால்வர் அகப்பட்டனர். அடுத்த சில வாரங்களில் ஒன்பது பிள்ளைகள் ஆயினர். வீடுகள் போதாமல் மாளிகை போன்ற ஒரு பெருங்கட்டடத்துக்கு 1698 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள் அதன் முகப்பில் இன்றும் இருக்கின்றன. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப் போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்ற ஏசாயா வசனத்தைக் குறிப்பவை அவை. கையில் பணமில்லாமல் கட்டத் தொடங்கியதையும், கூலி கொடுக்க வேண்டிய நாளில் சரியாக நன்கொடை வந்து சேர்ந்ததையும் ஃபிராங்கே ஒவ்வொன்றாக எழுதி 1701இல் நூலாக வெளியிட்டார். அது 1705இல் ஆங்கிலத்திலும் வந்து இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பரவியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லருக்குத் தூண்டுதலாக இருந்ததும் ஃபிராங்கேயின் முன்மாதிரிதான்.

இவ்வரலாற்றை அப்படியே ஏற்பதா? நன்கொடைகள் வந்தது பொய்யன்று. ஆனால் கட்டுவதற்கு முன் நொய்பவர் என்ற உதவியாளரைக் கையில் கேள்விப் பட்டியலோடு ஹாலந்துக்கு அனுப்பி, அங்குள்ள அநாதை விடுதிகள் எப்படிக் கட்டப்பட்டு நடத்தப்படுகின்றன என்று ஆராய்ந்து வரச் செய்தவரும் இவரே. 1698 செப்டம்பரில் தேர்வரசரிடமிருந்து வரிச்சலுகையும் அச்சகம், மருந்தகம் நடத்தும் உரிமையும் பெற்றுக்கொண்டவரும் இவரே. கடவுள் தருவார் என்று நம்பினார். அவர் தருவதைப் பெற்றுக்கொள்ளப் பாத்திரத்தையும் தயாராக வைத்திருந்தார். மருந்தகத்தில் மருத்துவர் ரிக்டர் தயாரித்த பொன் சேர்ந்த மருந்து ஐரோப்பா முழுவதும் விலைபோனது. எலெர்ஸ் என்பவர் ஃபிராங்கேயின் ஒரு பிரசங்கத்தை அச்சிட்டு லைப்சிக் சந்தையில் விற்கத் தொடங்கியதே பெரிய பதிப்பகமாக வளர்ந்தது. 1710இல் கான்ஸ்டைன் பிரபு தொடங்கிய வேதாகம அச்சகத்தில் எழுத்துக் கோத்த பக்கங்களை அச்சிட்ட பின் பிரித்துப் போடாமல் அப்படியே கட்டி வைத்தார்கள். அதற்கு ஏராளமான ஈய எழுத்து வேண்டும், முதலில் பெருஞ்செலவு. ஆனால் அடுத்தடுத்த பதிப்புகளுக்குக் கோக்கும் கூலி இல்லை. ஆகவே 1712இல் வெளிவந்த புதிய ஏற்பாட்டை இரண்டு குரோஷனுக்கு விற்க முடிந்தது.

பள்ளிகள் பல தரத்தில் இருந்தன: பிரபுக்களின் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி, நகரத்தாருக்கு இலத்தீன் பள்ளி, ஏழைகளுக்கு ஜெர்மன் பள்ளி. சமூகப் படிநிலையை அவர் கலைக்க நினைக்கவில்லை என்றாலும், கூர்மதியுள்ள அநாதைப் பையனை இலத்தீன் பள்ளிக்கு ஏற்றினார். கணக்கில் மேல்வகுப்பிலும் இலத்தீனில் கீழ்வகுப்பிலும் ஒரே மாணவன் இருக்கலாம் என்ற ஏற்பாடும், தாவரத் தோட்டம், கடைசல் பட்டறை, கண்ணாடி தீட்டுதல், அரும்பொருள் கூடம் ஆகியவையும் அக்காலத்துக்குப் புதியவை. பல்கலைக்கழகத்தின் ஏழை மாணவர்கள் இலவச உணவுக்கு ஈடாக வகுப்பெடுத்தார்கள். அதனால் ஆசிரியர் செலவு குறைந்ததோடு ஆசிரியப் பயிற்சியும் நடந்தது. மறுபக்கம், பிள்ளையின் இயல்பான தன்விருப்பத்தை முறித்தாக வேண்டும் என்று ஃபிராங்கே வெளிப்படையாகவே எழுதினார். விளையாட்டுக்கு இடமில்லை, கண்காணிப்பின்றி ஒரு கணமும் இல்லை. அன்பாகவே செய்யச் சொன்னார் என்பது உண்மை. ஆயினும் வயதுவந்த இளைஞர் ஒருவருக்கு லூனபர்க்கில் தானாக நேர்ந்த நெருக்கடியை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கால அட்டவணை போட்டு வரவழைக்க முடியுமா என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் மொராவிய சபையின் தலைவரான சின்சென்டார்ஃப் 1710 முதல் 1716 வரை இங்கே படித்தவர். ஹாலேயின் மனந்திரும்புதல் வரிசையை ஏற்காமல் விலகியவர்களுள் அவரும் ஒருவர்.

ஃபிராங்கேயின் வாழ்வில் பாராட்ட முடியாத பக்கம் கிறிஸ்டியன் வோல்ஃப் விவகாரம். கணிதப் பேராசிரியராக ஹாலேக்கு வந்து தத்துவத்தில் புகழ்பெற்ற வோல்ஃப், 1721 ஜூலையில் சீனரின் நடைமுறைத் தத்துவத்தைப் பற்றி ஆற்றிய உரையில், வெளிப்படுத்தப்பட்ட வேதம் இல்லாமலே கன்ஃபூசியஸ் உயர்ந்த ஒழுக்கத்தை எட்டினார் என்று நிறுவினார். மாற்றம் கிருபையால் மட்டுமே வரும் என்ற ஹாலேயின் அடித்தளத்தையே அது தொட்டது. இறையியல் துறை கொதித்தெழுந்தது. அத்துறைப் பேராசிரியர் யோவாகிம் லாங்கே முன்னணியில் நின்றார். விதிப்படியே எல்லாம் நடக்கும் என்று வோல்ஃப் போதிப்பதை ஏற்றால், ஓடிப்போன படைவீரனைத் தண்டிக்க முடியாது என்று முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம் அரசரிடம் யாரோ ஓதினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1723 நவம்பரில் அரசாணை வந்தது: 48 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் தூக்கு. எர்ஃபுர்ட்டில் தம் மீது பாய்ந்த அதே கெடுவை ஃபிராங்கே இப்போது பிரார்த்தனைக்குக் கிடைத்த பதிலாகக் கருதினார். தாம் நாடுகடத்தப்பட்ட நாளை அவர் எண்ணிப் பார்த்தாரா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி இந்தியாவுக்கு வரலாம். ஹாலேயில் சிறிது காலம் பயின்ற சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் ஃபிராங்கே தொடர் அறிக்கைகளாக அச்சிட்டார். அவற்றைப் படித்த கொடையாளர்கள் பணம் அனுப்பினார்கள். பின்வந்த மிஷனரிகளில் பெரும்பாலோர் ஹாலேயிலிருந்தே வந்தனர். தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடி அடைந்தன. அவை அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை அதிகம் தின்றதால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. அடுத்த ஆண்டு சீகன்பால்கின் இலத்தீன் வழித் தமிழ் இலக்கணம் ஹாலேயின் அநாதை விடுதி அச்சகத்திலேயே வெளிவந்தது.

ஆனால் தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த பெருநூல் அச்சேறவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கவே மிஷனரிகள் அனுப்பப்பட்டார்கள், அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பதே ஃபிராங்கேயின் மறுமொழி என்று கூறப்படுகிறது. அந்நூல் 1867இல் சென்னையில்தான் முதலில் பதிப்பிக்கப்பட்டது. இத்தனைக்கும், மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஹாலே அறிக்கைகளில் வெளிவந்தது. தமிழர் தம் சமயத்தை ஆதரித்துப் பேசும் பகுதிகள் அவற்றிலும் உண்டு. கேள்வி பதிலாக வந்ததை அச்சிடலாம், முறைப்படுத்திய நூலாக வந்ததை அச்சிடலாகாது என்ற இந்த வேறுபாட்டை வோல்ஃப் விவகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது தற்செயலாகத் தோன்றாது. கிறிஸ்துவை அறியாத மக்களிடம் ஒழுங்கான அறிவும் அறமும் இருப்பதாக ஒரு நூல் காட்டுவது ஹாலேக்குச் சங்கடமாகவே இருந்தது.

ஃபிராங்கே 1727 ஜூன் 8 அன்று காலமானார். அப்போது அவருடைய பள்ளிகளில் 2,200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். மகன் கொட்ஹில்ஃப் அவுகுஸ்ட், மருமகன் ஃப்ரைலிங்ஹவுசனோடு சேர்ந்து நிறுவனத்தை நடத்தினார். அந்த மகனின் காலத்தில்தான் மிஷனரிகளான ஃபப்ரிசியுஸ் 1740இலும் சுவார்ட்ஸ் 1750இலும் தமிழகம் வந்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் 1946இல் தன்னுரிமை இழந்த அறக்கட்டளை, இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் மீண்டும் நிறுவப்பட்டது. கழுகுகள் உள்ள அந்தக் கட்டடத்தைச் சூழ்ந்த வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களோடு மிஷனரிகள் திரட்டி அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. ஆய்வாளர்கள் இன்றும் அங்கே சென்று அவற்றைப் படிக்கிறார்கள்.